பச்சைக் குருணையும் மூன்று கை உப்பும்

நேற்று மத்தியானம் உன் மகள் வந்திருந்தாள். சாயா வேண்டாம், இருக்க நேரமில்லை என்று வாசலிலேயே ஆரம்பித்தாள். அப்புறம் இரண்டு சாயா குடித்து, நான்கு பழம்பொரியும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள். அச்சு அசல் நீதான். புறப்படும்போது ஒரு மஞ்சள் துணிப்பையை மேசைமேல் வைத்து, "அம்மா பீரோவுல இருந்துச்சு அத்தை. மேல உங்க பேரை எழுதி ஒட்டி வச்சிருந்தா. நாங்க பிரிச்சுப் பாக்கல" என்றாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டுப் பையைத் திறந்தேன். பழைய சேலைத் துண்டில் சுற்றிய விளக்குச் சிம்னி. அதற்குள் ஒரு பிடி குருணை, இன்னும் அதே வெளிறிய பச்சை. துணியெல்லாம் கரித்தூள். தண்ணீர் தெளித்து அணைத்த அடுப்பின் வாசம் மூக்கில் ஏறியது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன், முந்தானை கறுத்துவிட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதற்காக மாமியிடம் எத்தனை திட்டு வாங்கியிருப்பேன்!

பையின் அடியில் அந்த நோட்டு. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. உன் மீன் தொட்டியின் எட்டு வருஷமும் அதற்குள் இருக்கிறது. நான் பார்க்க வேண்டியது ஒரே ஒரு நாள்தான். அது மீன மாதத்தில், உங்கள் பங்குனியில், ஒரு வியாழக்கிழமையில் இருக்கிறது. அன்றைக்கு நீ அதில் என்ன எழுதினாய் என்பது இத்தனை காலமாக எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து நோட்டு மடியில் கிடக்கிறது, திறக்கக் கை வரவில்லை. முதலில் உன்னோடு பேசிவிடுகிறேன். செத்துப்போனவளிடம் பேச என்னட்டி பயம் என்று கேட்பாய். நீ உயிரோடு இருந்தபோது இருந்த அதே பயம்தான்.

எனக்கு மலையாளம்தான் கை பழகியது, அது உனக்குத் தெரியும். ஆனாலும் உனக்குத் தமிழில்தான் எழுத வேண்டும். எழுத்து கோணலாக இருந்தால் சிரித்துக்கொள்.

எழுபதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீட்டுக்கு அடுத்த வீட்டில் நீ குடிவந்தாய். கைவண்டியில் பாத்திரம், பாய், தலையணை, அதற்குமேல் வைக்கோல் சுற்றி ஒரு கண்ணாடித் தொட்டி. தென்காசிக்காரி, பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்தவள், வீட்டுக்காரருக்கு ஏலூரில் ஒரு ஃபேக்டரியில் தண்ணீர் சுத்தம் செய்கிற பிரிவில் வேலை என்று தெருவே சொன்னது. நீ வண்டியிலிருந்து இறங்கியதும் சாமானைப் பார்க்கவில்லை, வீட்டைப் பார்க்கவில்லை. நேரே பைப்படிக்குப் போனாய். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தாய். பிறகு கிணற்றுக்குப் போய் அதையும் நாக்கில் வைத்தாய்.

"ஏட்டி, கிணறு உப்பு கரிக்கு. பைப்புல மருந்து வாசம் அடிக்கு. இதுல எந்தத் தண்ணியிலட்டி மீனு வளக்கது?" என்று என்னைக் கேட்டாய். பேர்கூடக் கேட்கவில்லை, முதல் வார்த்தையே 'ஏட்டி'தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது.

"இங்க மீனை ஆரும் வளக்க மாட்டா. வறுத்துத் தின்னும்" என்றேன்.

நீ முறைத்த முறைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தச் சாயங்காலமே உனக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நீ தொட்டியைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நம் இருவருக்கும் ஒரே வயதுதான், குணத்தில்தான் ஏணி வைத்தாலும் எட்டாது.

பைப்பில் கலக்கிற குளோரின் மருந்தில் உன் முதல் மீன்கள் ஒரே நாளில் செத்தன. அப்போதுதான் நீ கரி சுடக் கிளம்பினாய். இங்கே தேங்காய்ச் சிரட்டைக்கா பஞ்சம்? நான்கு வீட்டுச் சிரட்டையைப் பொறுக்கி, பழைய பிஸ்கட் டின்னில் அடைத்து, மூடி போட்டு, கொல்லையில் குழி வெட்டிச் சுட்டோம். புகை தெருவரை போனது. ஆறியதும் புளியங்கொட்டை அளவுக்கு உடைத்தோம். கழுவக் கழுவக் கறுப்புப் போகவில்லை. எனக்குப் பொறுமை ஏது? "மதி, மதி, போதும், இனி போடு" என்று அவசரப்படுத்தினேன். போட்டோம். தொட்டி மைக்கூடாகிவிட்டது.

என் மாமி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். "என்னா புள்ளைகளா, மீன் வளக்குறீங்களா, மை காச்சுறீங்களா?" என்றார்.

நீ அதற்கும் பதில் சொன்னாய். "கழுவுனது உங்க மருமகதான் மாமி."

அடுத்த தடவை பன்னிரண்டு தண்ணீரில் கழுவவைத்தாய். ஒவ்வொரு தண்ணீரையும் வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தாய். பன்னிரண்டாவது கோப்பை தெளிந்திருந்தது. அந்தக் கரியைச் சிம்னிக்குள் போட்டாய். மேசை விளக்கின் நீளச் சிம்னி, இரண்டு பக்கமும் கார்க், கார்க்கில் ஓட்டை போட்டு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய். காற்றுப் பம்பு குமிழி விட, அந்தக் குமிழியோடு தண்ணீர் ஏறிச் சிம்னிக்குள் போய், கரிக்குள் நுழைந்து, மறுபக்கம் தொட்டியில் விழுந்தது. விழுந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாய். என் வாயிலும் வைத்தாய். மருந்து வாசம் போயே போய்விட்டது. "ரியாக்டர்" என்று பெருமையாகச் சொன்னாய்.

உன் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டோடு நின்று, "எங்க ஃபேக்டரியில ரியாக்டர் மூணு மாடி ஒசரம். இவளோடது மூணு விரக்கடை" என்றார். சிரித்தாலும் அந்த மனுஷன் நல்லவர். கரிக்குப் பிடிபடாத ஒன்று தண்ணீரில் சேருகிறது, அதுதான் மீனைக் கொல்கிறது என்று நீ புலம்பியபோது, மேலதிகாரியிடம் கேட்டு ஒரு பை நிறையப் பச்சைக் குருணை வாங்கி வந்தது அவர்தான். சியோலைட் என்று பெயர் சொன்னாய். எனக்குப் பச்சரிசிக் குருணை ஞாபகம்தான் வந்தது, அதையே பெயராக வைத்தேன்.

"மீனு மூத்திரம் போவும்லா. அதுல அமோனியா. கரி வாசத்தப் பிடிக்கும், நெறத்தப் பிடிக்கும், இத மட்டும் விட்டுரும். இந்தக் குருணைதான் அதப் பிடிச்சு வயித்துக்குள்ள வச்சுக்கிடும்" என்றாய்.

"வயிறு நெறஞ்சா?"

"உப்புத் தண்ணியில ஊறப் போடணும். எல்லாத்தையும் கக்கிரும். கழுவிட்டுத் திரும்பப் போட்டுரலாம்."

இதைச் சொன்னாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்னாய். நான்தான் பாதிக் காதில் கேட்டேன். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை குருணைக்கென்று நீ மாட்டிய இரண்டாவது சிம்னியைக் கழற்றி, குருணையைத் தனி வாளியில் கொட்டி, கல்லுப்பைக் கரைத்து ஊறவைப்பாய். நானும் கூட உட்கார்ந்து அலசுவேன். என் புத்தியில் பதிந்தது ஒன்றே ஒன்றுதான்: குருணைக்கு உப்பு நல்லது.

பிறகு நோட்டு. தினமும் காலையில் எழுதுவாய். கட்டம் கட்டமாக வெப்பம், நிறம், வாசம், ருசி, மீன் எத்தனை, கடைசியில் குறிப்பு. ருசிக்கு ஒரு கட்டமா என்று சிரித்தேன். "இந்த ஊர்ல தண்ணி எப்ப உப்பாவும்னு தண்ணிக்கே தெரியாது" என்றாய். கோடை முற்றினால் பைப்பிலும் கரிக்கும் ஊர் இது, நீ சொன்னது சரிதான். உனக்குக் காய்ச்சலாக இருந்த ஒரு நாள் நான்தான் எழுதினேன். தெர்மாமீட்டரைப் பார்க்கச் சோம்பல், முந்தின நாள் எண்ணையே போட்டுவிட்டேன். கட்டிலில் படுத்திருந்தவள் கண்டுபிடித்துவிட்டாய். போர்வையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, எண்ணைத் திருத்திவிட்டுத் திட்டினாயே, அப்பப்பா!

"பொய் எழுதினா மீனு சாவாதுட்டி. நோட்டு செத்துரும். அதுக்கப்புறம் எதை நம்புவ?"

நான் அழுதேன். நீ உடனே இறங்கி வந்து, "சரி சரி, சுக்குக்காப்பி போடு" என்றாய். அவ்வளவுதான் உன் கோபம்.

பல்லாத்தி மீன் வந்தது அதற்குப் பிறகு. கும்பளங்கியிலிருந்து தலையில் கூடையோடு மீன் விற்க வருகிற சேச்சியிடம், உயிரோடு வேண்டும் என்று சொல்லிவைத்தாய். ஒரு நாள் அலுமினியப் பானையில் ஒரு ஜோடி கொண்டுவந்தாள். விரல் நீளம்கூட இல்லை, பழுத்த மாம்பழ நிறம், உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. காயல் மீன். சேச்சிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இதைக் குழம்பு வெக்காம, கண்ணாடிக்குள்ள வெச்சு நோக்கி இருக்கப் போறீங்களோ?" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீருக்குப் பழக்கினாய். ஒரு வருஷம் கழித்து அது முட்டையிட்டது. குஞ்சுகள் தாயின் உடம்பையே சுற்றிச் சுற்றி மேய்ந்தன. தகப்பன் ஒரு மூலையில், தாய் ஒரு மூலையில் காவல். நானும் நீயும் அடுப்பில் சோறு தீய்ந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

மாமிக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. எந்நேரமும் நான் அந்த வீட்டில் கிடக்கிறேன் என்று கோபம். "இந்த மீன் தொட்டியால ஒரு நாள் ஏதாவது வம்பு வரும். வந்துச்சுன்னா அதுக்கப்புறம் அந்த வாசல்ல நீ காலை வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்" என்றார். மாமி சொன்னால் சொன்னதுதான். என் வீட்டுக்காரர் மிளகு மண்டியில் எடை போடுகிறவர், வீட்டுக்குள் நுழைந்தால் அவர் அம்மா வைத்ததுதான் எடை.

அப்போதுதான் சிஸ்டர் வந்தார். பக்கத்துப் பெண்கள் பள்ளியின் தலைமை சிஸ்டர், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு உன் தொட்டியைப் பார்க்க வந்தார். சிம்னியைப் பார்த்தார், நோட்டைப் புரட்டினார். தமிழ் வாசிக்கத் தெரியாது, நீ வாசித்துக் காட்டினாய். ருசிக் கட்டம் வந்தபோது மட்டும் சிரித்தார். ஜூனில் பள்ளி திறக்கும்போது லேபுக்கு ஓர் ஆள் வேண்டும், சனிக்கிழமை பள்ளி நிர்வாகத்தார் இரண்டு பேரை அழைத்து வருகிறேன், இந்தக் குஞ்சுகளோடு இப்படியே காட்டு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

உன் கால் தரையில் பாவவில்லை. படிப்பு முடிந்து ஆறு வருஷம். படித்த படிப்புக்கு ஒரு வாசல் திறக்கிறது. "ஏட்டி, வெள்ளைக் கோட்டு வேணும்" என்றாய். நான் அன்றே துணி வெட்டினேன். இரண்டு பெரிய பை வைத்துத் தைத்தேன், ஒன்று பேனாவுக்கு, ஒன்று உன் வேர்க்கடலைக்கு. போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றாய். உன்னை அவ்வளவு அழகாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அந்த வாரம் பார்த்து உன் அப்பாவின் வருஷத் திதி. நான்கு நாள் தென்காசிக்குப் போக வேண்டும், வெள்ளிக்கிழமை திரும்பிவிடுவாய். சாவியையும் நோட்டையும் என் கையில் கொடுத்தாய். "ஒண்ணும் செய்யாண்டாம். கொசுப்புழு போடு, நோட்டு எழுது. அவ்வளவுதான்" என்றாய்.

செவ்வாயும் புதனும் ஒழுங்காக எழுதினேன், மலையாளத்தில். வியாழக்கிழமை காலை போய்ப் பார்க்கிறேன், தகப்பன் மீனின் செதிலில் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளை. எனக்கு உயிரே போய்விட்டது. நாளை மறுநாள் நிர்வாகத்தார் வருகிறார்கள். உனக்குச் சொல்லலாமென்றால் தென்காசி வீட்டில் ஃபோன் ஏது? உன் வீட்டுக்காரர் விடியும்முன்பே ஏலூருக்குப் போயிருந்தார். மாமி ஃபோர்ட் கொச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மீன்காரச் சேச்சி வாசலில் குரல் கொடுத்தாள். கூப்பிட்டுக் காட்டினேன்.

"பேடிக்கண்டா, பயம் வேண்டா. ஒரு நுள்ளு உப்பு இட்டா மதி. இது காயல்ல உப்புத் தண்ணியில கிடக்குற மீனுதானே" என்றாள்.

எவ்வளவு நியாயம் பார்! உப்பில் பிறந்த மீன். உப்பில் ஊறுகிற குருணை. உப்பு யாரை என்ன செய்யும்? சேச்சி ஒரு சிட்டிகை என்றாள். சனிக்கிழமைக்குள் குணமாக வேண்டுமே என்று நான் கல்லுப்பு ஜாடியைத் தூக்கிவந்து ஒரு கை போட்டேன். போதாது என்று இன்னொரு கை. பிஸ்மி சொல்லி மூன்றாவது கை.

மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். குஞ்சுகள் முழுவதும் அடியில் கொட்டிக் கிடந்தன. தகப்பன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. தாய் மட்டும் செத்த குஞ்சுகளுக்கு மேலே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நான் அழுதுகொண்டே இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினேன், விசிறி எடுத்து வீசினேன், பைத்தியக்காரி. பிற்பகல் அஸர் பாங்கு சொல்லும்போது அதுவும் சாய்ந்தது. எல்லாவற்றையும் ஒரு தாளில் பொதிந்து முருங்கை மரத்தடியில் புதைத்தேன். நோட்டைத் திறந்தேன், மூடினேன். அன்றைய வரியில் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் மாமி வந்து என் முகத்தைப் பார்த்ததும் "என்னாச்சு?" என்றார். அந்த வாசலில் காலை வைக்கக் கூடாது என்று அவர் சொன்னதுதான் காதில் கேட்டது. அன்று காலையில் பத்து நிமிஷம் கரண்ட் போயிருந்தது உண்மை. "காலையில பூரா கரண்ட் இல்ல மாமி. பம்பு நின்னு மீனெல்லாம் செத்துப்போச்சு" என்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நீ செங்கோட்டை ரயிலில் வந்து, எர்ணாகுளத்தில் படகேறி, ஜெட்டியிலிருந்து நடந்தே வந்தாய். கையில் எனக்கு ஒரு பொட்டலம் அல்வா. நான் வாய் திறப்பதற்குள் மாமி முன்னால் போய், "உன் மீனெல்லாம் போச்சு பொண்ணே. நேத்து காலையில பூரா கரண்டு இல்லைன்னு இவ சொல்றா" என்றார். அல்வாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். நான் உன் பின்னால், மாமி என் பின்னால்.

தொட்டியில் விரலை விட்டாய். நாக்கில் வைத்தாய். இரண்டாவது தடவையும் விட்டாய், வைத்தாய். பிறகு சிம்னியைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது சொல்வாய், இப்போது சொல்வாய் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா மாமி. கரண்ட் போனா இப்பிடித்தான் ஆவும்" என்றாய்.

சனிக்கிழமை காலை, நிர்வாகத்தாரை வரவேண்டாம் என்று சொல்ல நாம் இருவரும்தான் பள்ளிக்குப் போனோம். நீ அதே வார்த்தையைச் சிஸ்டரிடமும் சொன்னாய், கரண்ட் போய்விட்டது என்று. சிஸ்டருக்கு வருத்தம்தான். ஆனால் தலையை ஆட்டி, "கொச்சியில கரண்ட் போகாத்த நாள் உண்டோ மோளே? அப்ப இது இவிடத்துக்குச் சரிவராதல்லோ" என்றார். ஜூனில் அந்த வேலைக்கு வேறொருத்தி வந்தாள்.

நீ ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டியில் கப்பி மீன் விட்டாய், கரி சுட்டாய், வெள்ளிக்கிழமை குருணையை அலசக் கூப்பிட்டாய். என் மாமிக்கும் உனக்கும்கூடப் பழக்கம் நன்றாகிவிட்டது. ஒன்று மட்டும் பார்த்தேன். நான் தைத்த வெள்ளைக் கோட்டைச் சமையலறையில் மாட்டிக்கொண்டு நீ தோசை சுட்டாய். எண்ணெய் தெறிக்காம இருக்கும்லா என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு அழுதேன்.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் தென்காசிக்கே போய்விட்டீர்கள். கடிதம் வந்தது, கல்யாணங்களுக்குப் போனோம் வந்தோம். அத்தனை வருஷமும் நான் நினைத்தது, உப்பு அதிகமாகி மீன் செத்தது என்று மட்டும்தான். என் அவசரத்தால் செத்தது, அதை நான் மறைத்தேன், நீ தெரிந்தும் பொறுத்தாய். அவ்வளவுதான் குற்றம் என்று ஒரு கணக்கு.

அது அவ்வளவு இல்லை என்று சில வருஷம் முன்னால்தான் தெரிந்தது. என் மகன் வீட்டில் மீன் தொட்டி வைத்தான். ஃபில்டர் வாங்க எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிப்போனான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள், பாக்கெட் பாக்கெட்டாக, நம் குருணை! கையில் எடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னார்: "உம்மா, இது உள்ளே இருக்கும்போ தொட்டியில உப்பு மாத்திரம் இடக் கூடாது கேட்டோ. நாள்கணக்கா பிடிச்சு வெச்ச அமோனியா மொத்தம் ஒரு மணிக்கூறுல திருப்பி விடும். ஒரு மீனும் மிஞ்சாது."

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். மகன் சோடா வாங்கிக் கொடுத்தான். எனக்குத் தலை சுற்றவில்லை, முதல் தடவையாகத் தலை தெளிந்தது. உன் ரியாக்டர் தோற்கவே இல்லை. பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது, அதனால்தான் விட்டபோது அத்தனையும் வந்தது. சிஸ்டரிடம் நீ ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். உப்பு விழுந்துவிட்டது, குருணை கக்கிவிட்டது என்று. சிஸ்டரும் கெமிஸ்ட்ரி தெரிந்த மனுஷி, அதைவிட நல்ல நிரூபணம் அவருக்கு என்ன வேண்டும்? வேலை உன் கையில் இருந்திருக்கும். ஆனால் அடுத்த கேள்வி, உப்பை யார் போட்டது என்பதுதான். நானோ உன் பக்கத்திலேயே நின்றிருந்தேன். பள்ளியில் சொன்னது மாலைக்குள் மாமி காதுக்கு வந்துவிடும். உன் படிப்பையும் என்னையும் தராசில் வைத்து, என்னை வைத்த தட்டுக் கீழே இறங்கட்டும் என்று விட்டுவிட்டாயே, பாவி!

அன்று சாயங்காலமே உனக்கு ஃபோன் செய்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் செய்தேன். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம், குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று பேசினோம். "வேற என்னட்டி?" என்றாய். "வேற ஒண்ணுமில்ல" என்றேன். நீ கொஞ்ச நேரம் வைக்காமலே இருந்தாய். நானும் வைக்கவில்லை. பிறகு லைன் போய்விட்டது.

நீ போய் ஏழு மாதமாகிறது. உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தப் பைப்பைத் திறந்தாலும் முதலில் ஒரு விரல், அப்புறம் நாக்கு. பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அந்த விரலை நாக்கில் வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளிக்கிழமைதான்.

சரி. பேசியாகிவிட்டது. திறக்கிறேன்.

செவ்வாய், என் மலையாளம். புதன், என் மலையாளம். வியாழன், உன் தமிழ். நீ வந்த பிறகு எழுதியிருக்கிறாய். மீன் எத்தனை என்ற கட்டத்தில் பூஜ்யம். குறிப்பில், 'கரண்ட் போனது. பம்பு நின்றது.'

முந்தின நாள் வெப்பத்தை எழுதியதற்காகக் காய்ச்சலோடு எழுந்து வந்து திட்டியவள் நீ. எட்டு வருஷத்து நோட்டில் ஒரே ஒரு பொய், அது என் பொய். உன் கையெழுத்தில், ஓர் எழுத்துக்கூடக் கோணாமல் இருக்கிறது.

ஆனால் ருசிக் கட்டம் காலி. முதலில் கண்ணில் படவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். நோட்டு முழுவதையும் புரட்டிவிட்டேன். எட்டு வருஷத்தில் வேறெங்கும் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. இதில் மட்டும் ஓரத்தில் ஒரு மைப்பொட்டு இருக்கிறது, பேனாவை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் இருந்த பொட்டு. அங்கே உன்னால் பொய் எழுத முடியவில்லை. உண்மையையும் எழுதவில்லை. அப்படியே விட்டு, பீரோவில் வைத்து, மேலே என் பேரை எழுதி ஒட்டியிருக்கிறாய்.

பேனாவை எடுத்துவிட்டேன். கட்டம் சின்னது, அதனால் வரி கீழே இறங்கிவிட்டது. தமிழில்தான் எழுதியிருக்கிறேன்.

உப்பு. மூணு கை. போட்டது நான்.